கடல் இருக்கிறது, கரை எங்கே? புதுச்சேரி கடற்கரைச் சாலை: ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரியின் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குக் காவலர்கள் தடுப்புகளை இழுத்து வைத்துவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை மணி வரை அந்தச் சாலை நடப்பவர்களுக்கே உரியது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலைக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் ‘கூர் ஷப்ரோல்’ என்று பெயர். இப்போது புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எத்துவார் குபேரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வடகோடியில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்குச் சற்று அப்பாலிருந்து தென்கோடியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் சிலை வரை, காந்தி திடல், பழைய கலங்கரை விளக்கம், சுங்க அலுவலகம், பழைய நகராட்சி மன்றமான மேரி கட்டடம் என்று நகரத்தின் பார்வையிடங்களில் பாதி இந்த ஒரே கோட்டில் அமைந்திருக்கின்றன. ஆனால் முதல்முறை வருபவர்கள், குறிப்பாகச் சென்னையிலிருந்து மெரினாவை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள், காந்தி சிலைக்குப் பின்னால் போய்க் கீழே குவிந்து கிடக்கும் கருங்கற்களைப் பார்த்துவிட்டு, ‘பீச் எங்கே?’ என்றுதான் கேட்பார்கள். பல ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு உள்ளூர்க்காரர்கள் சொல்லிவந்த விடை, ‘இதுதாங்க பீச், ராக் பீச்’ என்பது.

‘ராக் பீச்’ என்ற பெயர் ஏதோ இயற்கை அமைப்பைக் குறிப்பதுபோல் சுற்றுலாக் கையேடுகளில் புழங்குகிறது. அந்தப் பாறைகளில் ஒன்றுகூட அங்கே பிறந்ததல்ல. அத்தனையும் லாரியில் வந்தவை. அங்கே மணல் இருந்தது, போயிற்று, ஓரளவு திரும்பியும் வந்திருக்கிறது. அது ஏன் போனது, எப்படி வந்தது, எவ்வளவு நாள் நிற்கும் என்பதே இந்த நிகழ்வு ஆய்வின் பொருள். இடையில் பூங்காக்களையும் கட்டடங்களையும் பற்றிச் சொல்ல நேர்ந்தாலும் அவையும் இந்தக் கேள்வியை ஒட்டியே வரும். ஒரு கடலோரப் பழம்பெரும் நகரத்தின் பார்வையிடங்களைத் தனித்தனி ‘ஸ்பாட்’களாக எண்ணி நிர்வகிக்கும் பழக்கத்தில்தான் பிழையின் வேர் இருக்கிறது என்பது என் கருத்து.

துறைமுகம் இல்லாத துறை

இந்தக் கரையில் வணிகம் பழையது. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945ல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ரோமானிய மதுச்சாடிகளும் அரெட்டைன் வகைச் சிவப்புக் கலங்களும் வந்திறங்கிய ஓர் ஊரை வெளிக்கொணர்ந்தது. அந்த ஊருக்கு வாய்த்த இயற்கைத் துறை ஆற்றின் முகத்துவாரம். 1674ல் பிரான்சுவா மர்த்தேன் வந்து கட்டிய பிரெஞ்சுப் புதுச்சேரியோ திறந்த கடலை நேருக்கு நேர் பார்த்து நின்றது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த சலங்குப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆளையும் ஏற்றி வந்து மணலில் இறக்கும். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கப்பல் வந்ததையும் பீரங்கி போட்டதையும் அவ்வளவு கவனமாகக் குறித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. கப்பல் கண்ணில் பட்ட பிறகும் சரக்கு கரையேறுவது அலையின் கையில்தான் இருந்தது.

1761ல் ஆங்கிலேயர் நகரத்தைப் பிடித்துக் கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர் வீடுகள் 1765க்குப் பிறகு அதே நேர்க்கோட்டு வீதிகளின்மேல் மீண்டும் எழுந்த நகரத்தைச் சேர்ந்தவை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்ற பிரிவும் அதே ஒழுங்கில் தொடர்ந்தது. வெள்ளையர் பகுதியின் முகம் கடலைப் பார்த்தது; ஆனாலும் கடலோடு அதற்கிருந்த தொடர்பு சலங்கு இறங்கும் மணற்கரை வழியாகவே இருந்தது.

இரண்டு பாலங்களும் இரண்டு சுவர்களும்

சலங்குக்கு மாற்றாக 1866ல் இரும்புத் துறைமுகப் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டது. 1952ல் வீசிய புயலில் அது அழிந்தது. காந்தி சிலைக்குக் கிழக்கே, அலை பின்வாங்கும் நேரத்தில், துருவேறிய அதன் கால்கள் வரிசையாகத் தலைகாட்டுவதை இன்றும் பார்க்கலாம். விடியற்காலையில் நீர்க்காகங்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு சிறகு உலர்த்தும். அதன் பிறகு நகரின் தென்பக்கம் வம்பாகீரப்பாளையத்தை ஒட்டிக் கான்கிரீட் தூண்களின்மேல் இன்னொரு பாலம் எழுந்து 1962ல் பயன்பாட்டுக்கு வந்தது. துறைமுக வேலை நின்ற பிறகும் திரைப்படப் படப்பிடிப்புக்கும் புகைப்படத்துக்கும் பின்னணியாக நின்ற அந்தப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடல் சீற்றத்தில் இடிந்து விழுந்தது.

இந்த இரண்டு பாலங்களும் கரையை ஒன்றும் செய்யவில்லை. இரண்டும் கால்களின்மேல் நின்றதால் அடியில் நீரும் மணலும் தடையின்றி ஓடின. அடுத்து வந்த கட்டுமானம் அப்படிப்பட்டதல்ல.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காலத்தை உள்ளடக்கிய நீண்ட மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுவதால் மணல் கரையோரமாகவே வடக்கு நோக்கி நகரும். வாடைக்காலத்தில் அலை திரும்பி, ஒரு பகுதி மணல் தெற்கே போகும். வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிகுதி. அது ஆண்டொன்றுக்குப் பல லட்சம் கன மீட்டர் என்று மதிப்பிடப்படுகிறது. ஒரு லட்சம் கன மீட்டரைப் பத்துக் கன மீட்டர் கொள்ளும் டிப்பர் லாரியில் ஏற்றினால் பத்தாயிரம் நடை ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் கடல் சத்தமில்லாமல் செய்துவரும் வேலையின் அளவு பிடிபடும். நாம் ‘கடற்கரை’ என்று சொல்வது உண்மையில் வழியில் இளைப்பாறும் மணல். வந்து சேர்வதும் கிளம்பிப் போவதும் சமமாக இருக்கும் வரைதான் அது ஓர் இடம்போல் நமக்குத் தோன்றும்.

அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், 1980களின் பிற்பாதியில், புதிய துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டு 1989ல் முடிந்தன. அவை கல்லை அடுக்கி எழுப்பிய சுவர்கள். பாலத்தைப்போல் அடியில் வழி விடுபவை அல்ல. தெற்கிலிருந்து வந்த மணல் தென்சுவரில் முட்டி நின்றது. சுவருக்குத் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் கரை ஆண்டுக்காண்டு அகன்றது. வடக்கே நகரத்தின் முன்னால் இருந்த மணல் வழக்கம்போல் வடக்கே கிளம்பிப் போனது, ஆனால் அதன் இடத்தை நிரப்ப வேண்டிய புது மணல் வரவில்லை. இது எதிர்பாராத விபத்தல்ல. சென்னையில் 1876ல் தொடங்கிய துறைமுகச் சுவர்களால்தான் தெற்கே மெரினா அகன்று வளர்ந்ததும், வடக்கே இராயபுரம் பக்கம் கடல் ஏறியதும் நிகழ்ந்தன என்பது நூறாண்டுகளாகக் கண்ணெதிரே இருந்த பாடம். புதுச்சேரித் திட்டத்தை வகுத்தவர்களும் அதை அறியாதவர்கள் அல்லர். தென்பக்கம் சேரும் மணலை உறிஞ்சிக் குழாய் வழியே வடபக்கம் கொண்டுபோய்ப் போடும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. சுவர் ஒருமுறை கட்டினால் நின்றுவிடும். மணலைக் கடத்தும் பம்பையோ ஆண்டு முழுவதும், ஆட்சி மாறினாலும் அதிகாரி மாறினாலும், ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலாவது நடந்தது. இரண்டாவது தொடர்ந்து நடக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நகரத்தின் முன்னால் காணாமல்போன மணல் துறைமுகத்துக்கும் நன்மை செய்யவில்லை. தென்சுவரின் முனையைச் சுற்றிக்கொண்டு வரும் மணல் முகத்துவாரத்தில் சேர்ந்து அதைத் தூர்த்துவிடுகிறது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும் படகுகள் அந்த மேட்டில் தட்டுவதும், முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்று மீனவர்கள் போராடுவதும் புதுச்சேரி செய்தித்தாள்களில் ஆண்டு தவறாமல் வரும் செய்திகள். ஒரே மணல் ஒரு மைல் இடைவெளியில் ஓரிடத்தில் இல்லாததால் தொல்லை, இன்னோரிடத்தில் இருப்பதால் தொல்லை.

கல் போட்ட காலம்

கரை தேயத் தேயச் சாலையின் அடித்தளமே ஆபத்துக்குள்ளானதால் கற்களைக் கொட்டத் தொடங்கினார்கள். அந்தச் சூழ்நிலையில் வேறு வழி இருந்ததாகச் சொல்ல முடியாது. சாலையை ஒட்டித் தலைமைச் செயலகமும் பழைய கட்டடங்களும் இருக்கும்போது, ஆய்வு முடியட்டும் என்று எந்தப் பொறியாளரும் காத்திருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது ஒன்றியப் பிரதேசத்தில் பேரிழப்பு காரைக்காலிலும் மீனவக் குப்பங்களிலும் நேர்ந்தது. கற்சுவருக்குப் பின்னாலிருந்த நகரமையம் பெரிதும் தப்பியது. அன்றிலிருந்து அந்தக் கற்கள்மேல் மக்களுக்கு ஒரு நன்றியுணர்வு உண்டு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கற்சுவர் பின்னால் இருக்கும் நிலத்தைக் காப்பாற்றுமே தவிர முன்னால் இருக்கும் மணலைக் காப்பாற்றாது; மோதித் திரும்பும் அலை சுவரின் காலடியை மேலும் தோண்டும், தோண்டிய இடத்தில் கல் சரியும், சரிந்த கல்லின்மேல் இன்னொரு லோடு கொட்ட வேண்டும்.

சுற்றுலாவின் கோணத்திலிருந்து பார்த்தால் நடந்த மாற்றம் விநோதமானது. கடலைத் தொட முடியாத ஒரு கடற்கரை, கடலைப் பார்க்க மட்டுமே ஏற்ற ஓர் உலாச் சாலையாக மாறி, அந்தப் புதிய வடிவத்திலேயே புகழும் பெற்றது. மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் வழக்கம் அதற்குப் பெரிதும் உதவியது. பெரிய நகரங்களில் நடைபாதைக்குப் படும் பாட்டைப் பார்க்கும்போது, நாட்டில் இப்படி நாள்தோறும் ஒரு முதன்மைச் சாலையை மக்களிடம் ஒப்படைக்கும் ஊர்கள் மிகச் சில. செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கல் தூண்களுக்கு நடுவே நிற்கும் காந்தி சிலையைச் சுற்றிக் குழந்தைகள் சறுக்குவதும், சுண்டல்காரர் கூடையை இறக்குவதும், 1836ல் முதலில் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் அடியில் முதியவர்கள் கூடிப் பேசுவதும், 1938ல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னத்தின் முன் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அன்று பழைய பிரெஞ்சு ராணுவ வீரர்கள் பதக்கங்களோடு வந்து நிற்பதும் அந்தச் சாலைக்கே உரிய காட்சிகள். மணல் போனதால் வந்த நட்டத்தை இந்தச் சாலை ஓரளவுக்கு மறைத்துவிட்டது. அதனால்தான் திருத்த வேண்டும் என்ற அவசரமும் நகரத்துக்கு நெடுங்காலம் வரவில்லை என்று தோன்றுகிறது.

அந்த மறைப்பின் விலையைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். விடுமுறை நாள்களில் கற்களின்மேல் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்களைப் பார்த்துக் காவலர்கள் ஓயாமல் விசில் ஊதிக்கொண்டே இருக்கிறார்கள். பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கினால் கீழே விழும் இடம் மணல் அல்ல, இன்னொரு கல். கற்களுக்கு இடையில் அலை உள்ளே இழுத்துவிட்டால் நீச்சல் தெரிந்தாலும் பயனில்லை.

பூங்காவுக்கு வந்த தண்ணீர்

கடற்கரையிலிருந்து சில நூறு அடி மேற்கே, ஆளுநர் மாளிகைக்கும் சட்டப்பேரவைக்கும் நடுவில், பாரதி பூங்கா இருக்கிறது. நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தின் கதையை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று பக்கத்திலிருந்தவர் சொல்லவும், சினந்து அதை இடிக்கச் சொன்னாராம். ஆயி, ‘நானே இடிக்கிறேன்’ என்று வேண்டிக்கொண்டு, வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு குளம் வெட்டினாளாம். முத்தரையர்பாளையத்திலிருந்து அந்த நீரை மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் கால்வாய் வழியே வெள்ளையர் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். கதையைக் கேட்ட பேரரசர் ஆயியின் பெயரால் வெள்ளை வெளேரென்று கிரேக்க உரோமானியப் பாணியில் மண்டபம் எழுப்பச் சொன்னார் என்பது அதன் முடிவு.

கதையில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பது வேறு விவாதம். இந்த ஆய்வுக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் ஒரு நிலவியல் உண்மை. கடலோரத்தில் கிணறு வெட்டினால் நீர் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மேற்கே மேட்டுக்குப் போக வேண்டும். கடலோர நகரங்களில் மணற்பரப்பும் அதன் அடியில் மழைநீர் தேங்கி நிற்கும் மெல்லிய அடுக்கும் சேர்ந்துதான் உப்புநீர் உள்ளே வராமல் முட்டுக் கொடுக்கின்றன. கரை தேய்ந்தால் அந்த முட்டும் நகர்கிறது. ஆகவே மணலின் இழப்பை வெறும் காட்சியின் இழப்பாகப் பார்ப்பது போதாது. கடலை ஒட்டிய கிணறுகளும் மரங்களும் அதே கணக்கில் வருபவை.

பூங்காவைப் பொறுத்தவரை ஒரு பாராட்டும் ஒரு குறையும் சொல்லலாம். நகரத்தின் நடுவே, அரசு அலுவலகங்கள் சூழ, நுழைவதற்கு எந்தச் சடங்கும் இல்லாமல் எல்லோரும் போய்ப் புல்லில் படுத்துறங்கும் இடமாக அது இருப்பது அரிய விஷயம். மதிய வேளையில் மதில் ஓரத்து நிழலில் கல்லூரி மாணவர்களும், தலைக்கு வைத்த பையோடு உறங்கும் வெளியூர்ப் பயணிகளும், உணவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்த குடும்பங்களும் யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லாமல் இருப்பார்கள். குறை, 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் நகரம் இழந்த பெருமரங்களின் இடத்தைப் புதுக் கன்றுகள் நிரப்பப் பல பத்தாண்டுகள் ஆகும் என்ற பொறுமை நம் பூங்கா மேலாண்மையில் இல்லாதது. விளக்கும் ஓடு பதித்த பாதையும் ஒரே ஆண்டில் வந்துவிடுகின்றன. 1826ல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்கும் இது பொருந்தும். நகரின் தென்மேற்கே இருக்கும் அது வெள்ளையர் பகுதியை மட்டும் சுற்றிவிட்டுக் கிளம்பும் பயணிகளின் வழியில் வருவதில்லை. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் அது கூடுதல் சொந்தம்.

வடக்கே தள்ளிவிட்ட வினை

நகரத்தின் முன்னால் கல் போட்டதும் அரிப்பு நிற்கவில்லை, இடம் மாறியது. கற்சுவர் முடியும் இடத்துக்கு அடுத்த மணல்தான் கடலுக்கு அடுத்த உணவு. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று சுவர் வடக்கே நீண்டுகொண்டே போனது. சோலை நகரைத் தாண்டினால் ஒன்றியப் பிரதேசத்தின் எல்லை முடிந்து தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் தொடங்கும்: கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். அலை எல்லைக் கல்லைப் படிப்பதில்லை. இந்தக் குப்பங்களில் கட்டுமரம் ஏற்றி வைத்த மணல் கரைந்து, கடலோர வீடுகள் இடிந்து, தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அங்கே தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல்தடுப்பு, கேட்டுப் போராட்டங்கள் நடந்தன. போட்ட இடத்தில் சிறிது மணல் சேர்ந்தது, அதற்கு அடுத்த ஊரில் கடல் ஏறியது.

மீனவர்களுக்கு மணல் என்பது காட்சிப் பொருள் அல்ல, பட்டறை. வலையை விரித்து உலர்த்தவும், கிழிந்த கண்ணிகளை உட்கார்ந்து முடியவும், கரைவலையைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து இழுக்கவும், வந்த மீனை அங்கேயே கூறு கட்டி ஏலம் விடவும் அது வேண்டும். கரை போன பிறகு படகை எங்கே நிறுத்துவது என்பதே முதல் சிக்கல். துறைமுகத்துக்குக் கொண்டுபோனால் டீசல் செலவு. கற்சுவரை ஒட்டி வலை உலர்த்தினால் கல்லின் கூர் வலையைக் கிழிக்கும்.

வைத்திக்குப்பத்தில் மாசி மகத்தன்று நடக்கும் தீர்த்தவாரியும் இங்கே நினைக்கத் தக்கது. மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரத்துக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் ஊர்வலமாக வந்து கடலோரத்தில் வரிசையாக நிற்க, ஆயிரக்கணக்கானோர் நீராடுவார்கள். ஆற்றுக்கும் குளத்துக்கும் படித்துறை கட்டலாம். கடலுக்கு மணல்தான் படித்துறை. சுற்றுலாத் துறையின் பட்டியலில் கடற்கரைச் சாலைக்கு இருக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் கரைக்கு இல்லை. ஆனால் கரையின் தேவை என்ன என்று கேட்டால் நான் முதலில் சுட்டிக்காட்டுவது இதைத்தான். இதற்கு நேர் எதிராக, மணல் சேர்ந்த தென்பக்கத்தில், வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேரோட்டத்தைப் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் கையால் தொடர்கிறது. அதற்கும் தெற்கே சின்னவீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரை, தூய்மையான கடற்கரைகளுக்கு அளிக்கப்படும் பன்னாட்டுச் சான்றான நீலக்கொடித் தகுதியை 2021ல் பெற்றது. அந்தப் பரிசுக்குச் சுற்றுலா நிர்வாகம் உழைத்தது உண்மை. மணல் அகலத்துக்குத் தென்சுவரும் ஒரு காரணம் என்பதும் மறக்கத் தக்கதல்ல.

மூழ்கிய முக்கோணம்

2000களின் பிற்பாதியில் துறைமுகத்தை மேலும் பெரிதாக்கும் திட்டம் பேசப்பட்டபோது பாண்டிகேன் போன்ற குடிமக்கள் அமைப்புகள் அதை எதிர்த்ததோடு நிற்காமல், போன கரையை மீட்க முடியும் என்ற வாதத்தையும் முன்வைத்தன. சுவர் கட்டுவது, கல் போடுவது என்ற இரண்டைத் தவிர மூன்றாவது ஒன்று உண்டு என்பதைப் பொதுப்பேச்சுக்குக் கொண்டுவந்ததில் அவற்றின் பங்கு பெரிது.

அந்த மூன்றாவது வழியைச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்து, 2018ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இறக்கியது. ஆப்பு வடிவத்தில் செய்த ஒரு பெரிய எஃகுக் கூட்டை மிதக்கவிட்டு இழுத்துப் போய், உரிய இடத்தில் மூழ்கடித்து, கல் நிரப்பி உட்காரவைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேலை செய்யும் முறை எளிது: அலை கரைக்கு வருமுன்பே இந்த மூழ்கிய திட்டின்மேல் உடைந்து வலுவிழக்கும்; அதன் பின்புறம் நீரோட்டம் தணியும்; தணிந்த நீர் சுமந்து வந்த மணலைக் கீழே போடும். கூடவே துறைமுக முகத்துவாரத்தைத் தூர்வாரி எடுத்த மணலையும் வடபக்கம் கொண்டுவந்து கொட்டினார்கள். சில மாதங்களில் செயலகத்துக்கும் காந்தி சிலைக்கும் நடுவே, கற்களுக்கு முன்னால், மணல் எழுந்தது. முப்பது ஆண்டுகளாகக் கல்லை மட்டுமே பார்த்துப் பழகிய ஊரில், பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் கால் நனைத்த அந்தக் காட்சி சின்ன விஷயம் அல்ல.

பொறியியலாக இது வெற்றி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த வெற்றியை எதற்குச் சான்றாகக் கொள்வது என்பதில்தான் கவனம் வேண்டும். திட்டு மணலைப் பிடித்து வைக்கும், படைக்காது. அது பிடிப்பதற்கு மணல் வந்துகொண்டே இருக்க வேண்டும், அந்த மணல் இன்னும் தென்சுவருக்குப் பின்னால்தான் அடைபட்டிருக்கிறது. கடல்நீரில் எஃகு துருவேறும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை. காந்தி சிலைக்குப் பின்னால் நிற்கும் 1866ஆம் ஆண்டின் இரும்புக் கால்களே போதும். திட்டின் வடக்கே உள்ள குப்பங்களுக்கு அதனால் நேரடிப் பயன் ஏதும் இல்லை. மேலும் வாடைக்காலம் தோறும் புதுக் கரை ஒடுங்குவதும் பின்பு விரிவதும் இயல்பு; ஒடுங்கும்போது ‘திட்டம் தோற்றது’ என்றும் விரியும்போது ‘கடற்கரை மீண்டது’ என்றும் மாறி மாறி எழுதுவதில் பொருளில்லை.

விழுந்த கட்டடத்துக்குக் கிடைத்தது

ஒப்பீட்டுக்காக அதே சாலையிலுள்ள மேரி கட்டடத்தை எடுத்துக்கொள்ளலாம். 1870களின் தொடக்கத்தில் எழுந்த அந்த நகராட்சி மன்றம், பல்லாண்டுகள் பழுதுபார்ப்பின்றி நின்று, 2014 நவம்பர் 29 அன்று அடைமழையில் சரிந்து விழுந்தது. உலக வங்கி நிதியுதவியுடன் அதே முகத்தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் அழகாக இருக்கிறது. அது அங்கே இல்லாமல் போயிருந்தால் சாலையின் வரிசையே பல் விழுந்த வாய்போல் இருந்திருக்கும். ஆனால் ஒழுகிய தளத்தை ஆண்டுதோறும் அடைப்பதற்குக் கிடைக்காத பணம், விழுந்த பிறகு முழுக் கட்டடத்துக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். தளத்தை அடைத்ததற்குத் திறப்பு விழா கிடையாது. மணலைக் கடத்தும் பம்புக்கும் கிடையாது.

ஆகவே இந்த ஆய்வின் பரிந்துரை புதிதாக எதையும் கட்டச் சொல்வதல்ல. 1980களின் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்த மணல் கடத்தும் வேலையைத் துறைமுகத்தின் அன்றாட இயக்கச் செலவாக, மின்கட்டணம்போல், ஆண்டு வரவு செலவில் ஒரு தனித் தலைப்பில் சேர்க்க வேண்டும். தூர்வாரும் மணலைக் கட்டுமானத்துக்கு விற்காமல் வடகரைக்கே கொடுக்க வேண்டும். கோட்டக்குப்பம் வரையிலாவது புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒரே அளவீட்டைப் பயன்படுத்த வேண்டும். அளவீடு என்றால் செயற்கைக்கோள் படம் வரை போக வேண்டியதில்லை. தென்சுவரின் தெற்கே ஓரிடம், துய்ப்ளே சிலை, காந்தி சிலை, போர் நினைவுச் சின்னம், வைத்திக்குப்பம், தந்திராயன்குப்பம் என்று ஆறு இடங்களில் சுவரில் ஒரு கோடு கிழித்து, அங்கிருந்து நீர்விளிம்பு எத்தனை மீட்டர் என்று மாதம் ஒருமுறை, அமாவாசையை ஒட்டி ஒரே நேரத்தில் அளந்து, கோட்டுக்கு மேலேயே சுண்ணாம்பில் எழுதிவைத்தால் போதும். மூன்று வாடைக்காலம் கழிந்தால், எந்தக் கோட்டுக்கு எதிரே மணல் நிற்கிறது, எதற்கு எதிரே போகிறது என்பதை அறிக்கை படிக்காமலே, மாலை நடைக்கு வருபவர் யாரும் நின்று படித்துவிட்டுப் போகலாம்.